ரோஷினி பார்த்துக் கொடுத்த கயாக்

அன்புள்ள அம்மாவுக்கு,

மேனாம்பேட்டில் எல்லோரும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? ரிஷிகேஷில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சப்பாத்திகூடப் பழகிவிட்டது.

ஆற்றில் சுற்றுலாப் படகுகளுக்குத் துணையாகக் கயாக்கில், அதான் ஒருவர் மட்டும் உட்காரும் துடுப்புப் படகில், போகும் வேலைக்குத்தானே நானும் ரோஷினியும் வந்தோம். இருந்தது ஒரே இடம். போன வாரம் தேர்வு வைத்தார்கள். இருந்த இரண்டு கயாக்கிலும் அவள்தான் முதலில் உட்கார்ந்து பார்த்தாள்.

"சின்னது இடுப்ப புடிக்குதுடி. நீ பெருசு எடுத்துக்க, கவுந்தா டக்குனு வெளிய வந்துடலாம்" என்றாள்.

வளரும் பிள்ளை என்று நீ தைத்துப் போட்ட தொளதொள யூனிஃபார்மில் வளர்ந்தவள் நான். பெரியதுதான் நல்லது என்று எனக்கும் பட்டது.

கவிழ்ந்தேன். பயப்படாதே, நீந்திக் கரைக்கு வந்துவிட்டேன். இடுப்பைக் கயாக் இறுகப் பிடித்திருந்தால்தான், கவிழ்ந்தாலும் உள்ளே இருந்தபடியே அதைப் புரட்டி நிமிர்த்த முடியும் என்று பயிற்சியாளர் பிறகுதான் சொன்னார். ரோஷினியும் கவிழ்ந்தாள், ஆனால் நிமிர்ந்துவிட்டாள். வேலை அவளுக்கு.

நாங்கள் சுடிதார் மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள். அவளுக்குப் பொருந்தியது எனக்கும் பொருந்தியிருக்கும். கரையேறிய பிறகு பார்த்தேன், அவள் கயாக்கில் இருக்கையின் இரு பக்கமும், இடுப்பு அளவுக்கு வெட்டிய நீல ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. நீ அனுப்பிய யோகா பாயில் வெட்டியது. பாயின் முனையை எலி கடித்துவிட்டதென்று அவள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

இப்போதைக்கு எனக்குச் சமையலறையில் வேலை. வேறு பாய் ஒன்று அனுப்பு. அவள் அம்மா விசாரித்தால், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிடு. பருப்புப்பொடி மட்டும் இனி ஒருத்திக்கு அரைத்தால் போதும்.

காய்கறி வேன் வந்துவிட்டது.

உன்
கிருஷ்ணப்பிரியா