சந்தனத்துக்கு அடியில் ஓட்டை

காஜா பேராங், மலாக்கா
18 ஜனவரி 1959

அன்புள்ள மகன் தேவதாஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான், அம்மா, உன் தங்கை ஜெயா மூவரும் சுகம், நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று சீமையில் உன்னோடு படித்த கலியாணசுந்தரம் வந்து சொன்னான். போன வாரம் கப்பலில் வந்து இறங்கியவன், நீ கொடுத்துவிட்ட கம்பளிச் சால்வையை அம்மாவிடம் கொடுக்க வந்தான். அந்த நேரம் நான் பட்டறை வாசலில் கேரவன் வண்டிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்ற வண்டியை வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. படித்துவிட்டு வந்து கிளேபாங் கடற்கரையில் நிறுத்தி, விடுமுறைக்கு வருகிறவர்கள் உள்ளேயே தங்க வாடகைக்கு விடுவேன், அதுவரை வெளிப்புறம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். கலியாணசுந்தரம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத யாருக்கு மாமா சாயம் அடிக்கிறீங்க? தேவாதான் அங்கேயே வீடு வாங்கிட்டானே" என்றான். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டான், பாவம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது.

நீ லாரி பாடி கட்டுகிறவன் மகன், இந்த ஊர் மழையில் ஒரு தகடு என்ன பாடு படும் என்று உனக்குத் தெரியாதா? மாதா மாதம் கழுவினோம், தகடுகள் சேரும் இடங்களில் நீர் புகாமல் பூசிய மக்கு வெடித்ததைச் சுரண்டிப் புதிதாக வைத்தோம், ஜன்னல் ரப்பரை மாற்றினோம். வைத்தோம் மாற்றினோம் என்பதெல்லாம் பேச்சுக்கு, எனக்கு முட்டிவலி வந்தபின் கூரையில் ஏறுவது ஜெயாதான், வயசுப்பெண்ணைக் கூரையில் ஏற்றுகிறான் என்று அக்கம்பக்கத்தில் பேசாத பேச்சில்லை. இவ்வளவு செய்தும் முன்பக்கச் சுவர் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது, எங்கே தேடியும் ஓட்டை அகப்படவில்லை. நீ புறப்படும் முன் வந்த ஆயுத பூசையில் தோரணம் கட்ட வண்டி நெற்றியில் ஆணி அடித்தாயே, நினைவிருக்கிறதா? கயிற்றில் கட்டு, தகட்டில் ஆணி ஏற்றாதே என்று நான் கத்தியது உன் காதில் விழவில்லை. பிறகு ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாய். பிள்ளை கையால் வைத்த பொட்டு என்று அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அதன் மேலேயே வைத்து வந்தாள், எங்களைக் கழுவவும் விடவில்லை சுரண்டவும் விடவில்லை, எனக்கும் அந்த ஆணி மறந்தே போயிற்று. கலியாணசுந்தரம் போனதும் அவளே ஈரத்துணியைக் கொண்டுவந்து அந்தப் பொட்டைத் துடைத்தாள். அடியில் ஓட்டை. தகட்டை நெம்பினால், பின்னால் இருந்த மரச்சட்டம் காப்பியில் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சால்வையை இன்னும் பிரிக்கவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது தேவா. அங்கேயே தங்கினால் தங்கிவிட்டுப் போ, உன் இஷ்டம். ஆனால் வீட்டை வாங்கிக்கொண்டே, வண்டியைக் கழுவினீர்களா, மழைக்கு முன் மக்கு வைத்தீர்களா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டு எங்கள் காதில் பூச்சுற்றினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சுதந்திர நாளன்று ஊரே கொடி பார்க்கப் போனபோது நான் இந்த வண்டியின் அடியில் படுத்துத் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன். மகன் வரப்போகிறான் என்ற நினைப்பில் அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அழுகிய சட்டத்தை வெட்டி எடுத்து மெராந்தி மரத்தில் புதிதாகப் போட்டவள் ஜெயா. வண்டியை அவள் பெயருக்கே மாற்றி எழுதிவிட்டேன், தைப்பூசம் கழிந்ததும் கிளேபாங்கில் நிறுத்தப்போகிறாள். உன் பெயரை எழுத விட்டிருந்த இடத்திலும் சாயம் அடித்தாயிற்று.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. வாங்கிய வீட்டின் கூரையை மழைக்கு முன் நீயே ஏறிப் பார், அங்கே உனக்கு ஜெயா இல்லை. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இன்னும் வேண்டிக்கொள்கிறேன், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை நிறுத்த முடியவில்லை. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதிலாவது உண்மையை எழுது. என்றைக்காவது இந்தப் பக்கம் வந்து வண்டியில் தங்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே ஜெயாவிடம் கேட்டுக்கொள், ஆள் இல்லாத வாரமாக இருந்தால் வாடகைக்குத் தருவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. அண்ணாமலை