நாலு வயரும் ஒரு கயிறும்

பதிவு 212 – காலை 8.10
நிலா, தென்முனை, மூன்றாம் குழி. நான் செங்கோடன், தண்ணீருக்குப் போர்க்குழி போடுகிறவன். எழுதத் தெரியாது, நான் சொல்ல எந்திரம் எழுதுகிறது. நேற்று நாற்பத்தொரு மீட்டரில் பனிக்கட்டி தட்டியது. அதைப் பார்க்க என்ஜினியர் பூங்கோதை கயிற்றில் குழிக்குள் இறங்கியிருக்கிறார். இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். மற்றதெல்லாம் வழக்கம்போல்.

பதிவு 213 – 9.25
கயிற்றை ஏற்றி இறக்கும் விஞ்சை ஓட்டுகிற கைப்பிடி ஷார்ட் ஆகிக் கருகிவிட்டது. கயிறு நின்ற இடத்திலேயே பூட்டிக்கொண்டது. பூங்கோதையிடம் காற்று மதியம் ஒன்றரை வரை. மீட்பு வண்டி வர இரண்டு நாள்.

முன்பிருந்தவர்கள் கேம் விளையாடிய ரிமோட் ஒன்று கிடக்கிறது. விஞ்சை ஓட்டும் கம்ப்யூட்டர் அதன் பேச்சையும் கேட்குமாம். ஆனால் பிளக் பொருந்தவில்லை. நடுவில் ஒரு கேபிள் நான்தான் செய்ய வேண்டும்.

குழியிலிருந்து பூங்கோதை ரேடியோவில்: "நாலு வயருங்ணா. செவப்பு, வெள்ள, பச்ச, கறுப்பு. எடதுல இருந்து வரிசையாப் பத்த வைங்க. எழுதிக்கிட்டீங்களா? அட, மறந்துட்டேன்."

"ஒருக்காச் சொன்னாப் போதும் அம்மிணி."

பதிவு 214 – 10.50
பற்றவைத்துச் சொருகினேன். ரிமோட்டில் விளக்கு எரியவில்லை. வயர் சுட்டது, பிடுங்கிவிட்டேன்.

"கம்ப்யூட்டர்ல செவப்புக் கட்டம் வந்திருக்குது அம்மிணி. உள்ள மூணு எழுத்து. கடைசி எழுத்துக்கு வாலு."

"என்ன எழுத்துங்ணா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குப் போர் வண்டிக்கு வர்றேன்?"

சிரித்தார். காற்று வீணாகும், சிரிக்காதீர்கள் என்றேன்.

பதிவு 215 – 11.40
மூன்று தரம் பிரித்துப் பற்றவைத்தாயிற்று. ஈயம் தீரப் போகிறது. அவர் சொன்ன வரிசை பிசகவில்லை. கண் எரிகிறது. உட்கார்ந்தால் எழ மாட்டேன், அதனால் நிற்கிறேன்.

பதிவு 216 – 12.05
தெரிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருடம் முன்பு, கர்னூல் பக்கம் ஒரு மிளகாய்க் காடு. போர் வண்டிக்கு எதிரே நின்று நான் "எடது" என்றேன். டிரைவர் அவன் இடதுக்குத் திருப்பினான். வேலியில் மூன்று கல்கால் சாய்ந்தது.

பூங்கோதை பிளக்கின் முகத்தைப் பார்த்து வரிசை சொன்னார். நான் பற்றவைத்தது முதுகில், அங்கே இடது வலதாகிவிடும். மூன்று தரமும்.

பதிவு 217 – 12.30
திருப்பி வைத்தேன். விளக்கு எரிகிறது. ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினேன்.

"எறங்குதுங்ணா."

பின்னால் இழுத்தேன்.

"ஏறுது. ஏறுதுங்ணா."

கறுப்பு வயருக்கு ஈயம் போதவில்லை. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறேன். விட்டால் விஞ்ச் நிற்கிறது. நிமிடத்துக்கு அரை மீட்டர்தான் ஏறுகிறது. மேலே வர 1.52 ஆகும். காற்று ஒன்றரைக்குத் தீரும். அதை நான் சொல்லவில்லை. அவருக்குக் கணக்குத் தெரியும்.

பதிவு 218 – 1.18
"பேச்சக் கொறச்சுக்கறேங்ணா. நீங்க எதாவது பேசிட்டே இருங்க."

எனக்கு என்ன பேசத் தெரியும். நான் போர் போட்ட ஊர்களைச் சொல்லிவருகிறேன். தும்கூர், ஐந்நூற்றுப் பத்து அடி, இரண்டு இஞ்ச் தண்ணீர். பாவகடா, எழுநூறு, வெறும் புழுதி.

"கேக்குதுங்ணா. அடுத்து?"

பதிவு 219 – 1.44
பத்து நிமிடமாகப் பதில் இல்லை. விஞ்சின் முனகல் மாறவில்லை. கயிற்றில் பாரம் இருக்கிறது. விரல் மரத்துவிட்டது. இன்னும் நாலு மீட்டர்.

அடுத்து கதிரி, அம்மிணி. எண்ணூற்றைம்பது அடி வரைக்கும் புழுதிதான். எல்லாரும் போதும் என்றார்கள். நான் நிறுத்தவில்லை. எண்ணூற்று அறுபது. எண்ணூற்று எழுபது