எதிரே வந்த வெளிச்சம்

3-6-76, வியாழன்

பகல் முழுக்கத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போனவர்களின் குழந்தைகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் லாரி முகத்தைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அடியில் பொன்ராஜின் கால்கள் மட்டும் தெரிந்தன. என் கொழுந்தன். கம்பம் டவுனுக்குப் போய் சோற்றுத் தட்டு அகலத்தில் இரண்டு ஹெட்லைட்டும் வளைந்த இரும்புக் குழாய் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறான். சைலன்சரைக் கழற்றித் துவைக்கிற கல்லோரம் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை மாட்டுகிறான்.

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தான். அம்மாடி! அடுக்களையில் தம்ளர் உருண்டது. கரும்புகை நேராக வீட்டுக்குள். பக்கத்து வீட்டில் சந்தனமேரி பெற்று ஒரு மாதமே ஆன பிள்ளை வீரிட்டது.

"மனுசர் குடியிருக்கிற இடம்னு நெனப்பு இருக்காடா?" என்றேன்.

"மேட்டுல இழுவை கூடும் மதினி. சத்தம் கேட்டா எதுக்க வர்றவன் ஒதுங்குவான்."

அத்தை, அவனைப் பெற்றவள், மட்கார்டைத் தடவிக்கொண்டு நின்றாள். வண்டி என் புருஷன் வாங்கியது. அவர் போன பிறகு என் பெயரில் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

4-6-76

ஹெட்லைட்டையும் மாட்டிவிட்டான். பொழுது சாயப் போட்டுப் பார்த்தான். எதிர்ச்சரிவில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் மொத்தமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. வாசலில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவன் சுவிட்சை அணைக்கவே இல்லை.

6-6-76, ஞாயிறு

சந்தனமேரி பிள்ளையோடு வந்தாள். "வண்டி வரும்போதெல்லாம் தூக்கி வாரிப்போடுதுக்கா. பால் குடிக்க மாட்டேங்குது" என்றாள். சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. கெஞ்சினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாப்பிட உட்கார்ந்த பொன்ராஜிடம் சொன்னேன். "சைலன்சரைத் திரும்ப மாட்டு. இல்லேன்னா வண்டிய முற்றத்துக்குக் கொண்டுவராத."

அவன் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டாள். "அவனப் போட்டுக் கரிக்காத. அவனாச்சும் கண்ணு முழிச்சு ஓட்டட்டும்."

அவனாச்சும்.

அப்படியே கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவனாச்சும் என்றால்? பெற்றவளே சொல்கிறாள். போன ஐப்பசியில் குட்டிக்கானம் இறக்கத்தில் வண்டியோடு என் புருஷன் பள்ளத்துக்குள் போனபோது, ராக்கப்பன் தூங்கிவிட்டான் என்று ஊர் சொன்னது. குடித்திருந்தான் என்றுகூட ஒருத்தன் சொன்னான். பீடி தவிர எந்தப் பழக்கமும் இல்லாத மனுஷன். எதிரே சைக்கிள் வந்தாலும் லைட்டைத் தாழ்த்துவார். அந்த மனுஷனா தூங்கினார்?

பக்கத்தில் கிளீனராக உட்கார்ந்திருந்தவன் இந்தப் பொன்ராஜ்தான். தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தான். என்னடா நடந்தது என்று எத்தனை தடவை கேட்டேன்! ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விடுவான். சித்திரையில் வண்டியைச் சரிபண்ணி இவனே ஓட்ட ஆரம்பித்தான். இப்போது சோடனை செய்கிறான். அண்ணன் செத்த வண்டிக்குச் சோடனை!

8-6-76

பஸ் ஓட்டும் ஆசீர்வாதம் கடைத்தெருவில் வழிமறித்தார். அவரோடு நல்ல சிநேகம் என் புருஷனுக்கு.

"வேலுத்தாயி, ஒன் கொழுந்தன்கிட்டச் சொல்லிவை. நேத்துச் சாயங்காலம் குட்டிக்கானம் இறக்கத்துல மஞ்சு, பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. எதுக்க வந்த அவன் லைட்டத் தாழ்த்தவே இல்ல. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. மலப்பக்கமா ஒட்டி ஒரசி நிறுத்துனேன். பள்ளத்துப் பக்கம் ஒடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? பஸ்ஸு நெறைய ஆளு."

அதே இறக்கம். வாங்க வந்த உப்பை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

10-6-76, வியாழன்

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

பொன்ராஜ் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான். அவன் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டி முன்னால் உட்கார்ந்தேன். மழை தூறியது. நட்டு அசையவில்லை. முழங்கையில் தோல் உரிந்தது. விடவில்லை. ஒரு லைட் கழன்று ஒயரில் தொங்கியது. அப்போதுதான் கவனித்தேன் – ஒயரைக் காலால் மிதித்து டிம் பண்ணுகிற சுவிட்சோடு சேர்க்கவே இல்லை. நேராக இழுத்திருக்கிறான். எரிந்தால் முழுசாகத்தான் எரியும். தெரிந்தே செய்திருக்கிறான்.

ஈரத் துண்டோடு ஓடி வந்தான். "கழட்டாதீங்க மதினி!"

"ஆசீர்வாதம் அண்ணன் பஸ்ஸ அன்னைக்குப் பள்ளத்துல தள்ளப் பாத்தியே, நீ மனுசனா?"

"நான் தாழ்த்த மாட்டேன். எவனுக்கும் தாழ்த்த மாட்டேன்."

"ஏன்?"

"அண்ணன் தாழ்த்தினாரு. அதான் செத்தாரு."

ஸ்பேனர் கையிலேயே நின்றது.

உட்கார்ந்து சொன்னான். முதல் முறையாக. மஞ்சில் எதிரே ஒரு லாரி. இவர் வழக்கம்போல லைட்டைத் தாழ்த்தியிருக்கிறார். அவன் தாழ்த்தவில்லை. இவர் மறுபடி மறுபடி தாழ்த்திக் காட்டியிருக்கிறார். அவன் முழு வெளிச்சத்தோடு நேரே வந்திருக்கிறான். "ஒண்ணுமே தெரியலயேடா" என்று சொல்லிக்கொண்டே இடது பக்கம் ஒடித்திருக்கிறார். இடது பக்கம் மண் இளகிக் கிடந்தது. அவன் நிற்காமல் போய்விட்டான்.

தூங்கவில்லை. என் புருஷன் தூங்கவில்லை.

"இதை ஏன்டா இத்தனை நாளும் சொல்லல?"

"வாயத் தொறக்க முடியாமக் கெடந்தேன் மதினி. எந்திரிச்சு வந்தப்ப ஊரே தூங்கிட்டாருன்னு முடிவு பண்ணிருச்சு. வண்டி நம்பர்கூட எனக்குத் தெரியாது. யார் நம்புவா? சொன்னா மட்டும் அண்ணன் வந்துருவாரா?"

"அவரு வர மாட்டாருடா! அவரு பேரு வந்திருக்கும். ஒங்கம்மாவே அவரைத் தூங்குமூஞ்சின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அது ஒனக்குப் பெருசாத் தெரியலயா?" கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும். "யாரோ ஒருத்தன் ஒங்க அண்ணனக் கொன்னான். நீ அவனாட்டமே லைட்டு மாட்டிக்கிட்டு, அவன் வந்த ரோட்டுலயே போறே. அடுத்தவ புருசனுக்கும் அதே கதி வரணுமா?"

ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன்.

11-6-76

சாவி என்னிடம்தான். அவனும் கேட்கவில்லை.

13-6-76, ஞாயிறு

அத்தையிடம் நீயே சொல் என்று சொல்லியிருந்தேன். இன்று சொன்னான். அடுப்பங்கரையில் அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னான். நான் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு வார்த்தையையும் அவன் விழுங்கிவிடக் கூடாது.

அத்தை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள். உடைந்த தாடைப் பக்கம். அவன் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எம்புள்ள தூங்கலையாத்தா?"

"தூங்கல அத்தை."

"நான் அவனை..." சாயங்காலம்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அந்த லாரிக்காரன் இப்போது எங்கே இருப்பான்? சாப்பிட்டிருப்பான். பிள்ளையைக் கொஞ்சியிருப்பான். தான் ஒருவனைக் கொன்றதே அவனுக்குத் தெரியாமல்கூட இருக்கும்.

16-6-76

சந்தனமேரி ஓடிவந்து சொன்னாள்: பொன்ராஜ் பஸ் ஸ்டாண்டில் ஆசீர்வாதத்தின் முன்னால் போய் நின்று, டிரைவர்கள் எல்லாரும் இருக்கும்போதே இரண்டையும் சொல்லியிருக்கிறான் – அண்ணன் எப்படிச் செத்தார் என்பதையும், தான் பஸ்ஸுக்குச் செய்ததையும். ஆசீர்வாதம் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அப்புறம் சட்டையை விடாமலேயே அழுதிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டேன்.

20-6-76, ஞாயிறு

முற்றத்தில் மறுபடி தட்டுமுட்டுச் சத்தம். துருவைச் சுரண்டிச் சைலன்சரை மாட்டினான். பெரிய லைட் இரண்டையும் எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டான். கால் சுவிட்சை மிதித்து மிதித்துப் பார்த்தான். வந்து கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன்.

"ஒரு தடவ எங்கூட வாங்க மதினி. இறக்கம் வரைக்கும்."

"எதுக்கு?"

"தனியாப் போக முடியல."

28-6-76, திங்கள்

லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். பின்னால் தேயிலைப் பெட்டிகள், கொச்சிக்கு. பீருமேடு தாண்டியதும் காலையிலேயே மஞ்சு மூடிக்கொண்டது.

அவர் வண்டி விழுந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், மலை எங்களுக்கு இடப்பக்கம் வந்த இடத்தில், எதிரே ஒரு லாரி. முழு வெளிச்சம். பொன்ராஜ் லைட்டைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தவில்லை. பொன்ராஜ் மறுபடி தாழ்த்திக் காட்டினான். ஊகூம். பொன்ராஜின் கால் அந்தச் சுவிட்சின் மேல் துடித்ததை என் கண்ணால் பார்த்தேன். எதிரியின் கண்ணில் திருப்பி அடிக்க ஒரு மிதி போதும். மிதிக்கவில்லை. மெல்ல மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

லாரி உரசுவதுபோல் கடந்து போனது.

நான் கதவைத் திறந்து படியில் இறங்கி நின்று, மறைந்துபோன அந்த வண்டியைப் பார்த்து, என் வாழ்நாளில் வாயில் எடுத்திராத வார்த்தைகளையெல்லாம் சொல்லிக் கத்தினேன். தொண்டை கிழிய. அவனுக்குக் கேட்டிருக்காது. எட்டு மாதமாக உள்ளே கிடந்தவை.

நான் முடித்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தும்வரை பொன்ராஜ் காத்திருந்தான். பிறகு கியர் போட்டான்.