புளித் தராசில் தேவி

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி. ஒன்பது மணி வரை எதிர் மலை தெரியவில்லை. இந்த வாரம் எழுத வேண்டியவை:

1. மகள் தேவி (தே.) வருகை, அவள் சாப்பாடு.
2. அவள் எடை, தினமும் காலையில்.
3. சனிக்கிழமை தோற்றால் தொழிலை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுவாள். (அவளிடம் சொல்லக் கூடாது.)
4. நம் மரத்துப் புளி விற்பது.

தே. பகல் ஜீப்பில் வந்தாள். புதூர்நாட்டிலிருந்து நின்றுகொண்டே பயணம். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி எடை மெஷின் பைக்குள்ளேயே நொறுங்கிவிட்டது.

மகளின் தொழிலை யாராவது கேட்டால் இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. கூண்டுக்குள் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், தரையில் தள்ளிக் கழுத்தை இறுக்கலாம், எல்லாம் விதிப்படி. எட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கடைசி இரண்டும் தோல்வி. புருவத்தில் புதிய தையல் தழும்பு. கேட்கவில்லை.

எடை குறைக்கும் நேரத்தில் கூட இருக்கும் பெண்கள் சமைக்கிற வாசனை தாங்கவில்லையாம். அதனால் இங்கே. நான் ஒருவன் பொங்குவதில் வாசனை வராது.

மார்ச் 4, செவ்வாய்

எடை பார்ப்பது எங்கே? ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கிறது என்றேன்.

"அங்க போய் நின்னா எத்தினி மாசம்னு கேப்பாங்க. வேணாம்ப்பா."

வந்தபின் முதல் சிரிப்பு.

ஆகவே கோவிந்தனின் புளிக் கிடங்கு. மூட்டை ஏற்றும் பழைய இரும்புத் தராசு. அவர் ஊரில் இல்லை. புளி உடைக்கும் பெண்கள் இருந்தார்கள்.

"இன்னா சார், பொண்ண வெலைக்குப் போட்றீங்களா?"

"ஓட்டோடவா, ஓடு எடுத்தா?"

"ஓட்டோடதான்க்கா. நார் ஜாஸ்தி," என்றாள் தே. பலகையில் நின்றபடி.

குண்டை நகர்த்தி நானே படித்தேன். 53.4 கிலோ. இரண்டு முறை சரிபார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை பெங்களூரில் போட்டிக்கு எடை பார்ப்பார்கள், 52ஐத் தாண்டக் கூடாது. போன தடவை தாண்டிவிட்டது. இன்னொரு தடவை தாண்டினால் ஒப்பந்தம் ரத்து என்று கோச் சொல்லியிருக்கிறாராம்.

சாயங்காலம் அவளுக்கு முட்டை வெள்ளை. எனக்கும் அதுவே போதும் என்றேன். போதவில்லை.

மார்ச் 5, புதன்

வெயில். தே. சட்டை மேல் சட்டை மாட்டிக்கொண்டு மேட்டில் ஓடினாள். 52.6. தண்ணீரைக் குறைத்துவிட்டாள், பேச்சையும். இன்று பேசியவை:

"சோப்பு எங்க?"

"ஜன்னல்ல."

"வேற தலகாணி இருக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான். ஆனாலும் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் சத்தம். துணி பிழிவது, கதவு சாத்துவது.

சனிக்கிழமைக்குப் பிறகு மேற்கு அறைக்கு வெள்ளையடிக்கலாமா? முன்கூட்டியே நினைப்பது சரியா? பெற்ற மகள் தோற்க வேண்டும் என்று ஒருவன் — வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

விடிந்ததும் தராசு. 52க்குச் சற்றுக் கீழே. தே. என் தோளைத் தட்டினாள்.

"போதும்ப்பா. ஜோலார்பேட்டையில ரெண்டு இட்லி, ஒரு டீ அடிச்சிட்டு ட்ரெயின் ஏறிட்றேன். அது ராத்திரியில தானா எறங்கிடும்."

முதல் ஜீப்பில் போய்விட்டாள். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

எட்டரைக்கு என் புளி மூட்டையோடு கிடங்கு. கோவிந்தன் திரும்பி வந்திருந்தார். எடை குறைவாகப் பட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சாக்குக்கு ஒரு கிலோ கழிவு சார். தனியா கழிச்சா தெனம் சண்ட. அதான் தராசிலயே தள்ளி வெச்சிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். போன வருடமும் இவரிடம்தான் போட்டேன். மூட்டைக்குச் சாக்கு உண்டு. தே.க்கு ஏது சாக்கு? அப்படியானால் அவள் கிட்டத்தட்ட 53.

டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறினேன். ஏறியபின் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் அவளுக்கு இன்னும் ஒரு நாள் பட்டினி. சொல்லாவிட்டால் எடை தப்பும், ஒப்பந்தம் போகும், அடுத்த வாரம் வீட்டில் இருப்பாள். நான் வேண்டுமென்றே விட்டேன் என்று யாருக்கும் தெரியாது. கீழே யாரோ ஆடுகளை அதட்டும் குரல். நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

அழைத்தேன். ஸ்டேஷன் இரைச்சல்.

"தேவி, அந்தத் தராசு ஒரு கிலோ கொறச்சுக் காட்டுது. சாக்குக் கழிவாம்."

"இட்லி கையிலதாம்ப்பா இருக்கு."

"சாப்பிடாத."

"இல்ல. பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க, குடுத்துட்றேன்." கொடுத்துவிட்டு வந்து, "நல்ல வேள சொன்ன."

மார்ச் 7, வெள்ளி

மறுபடி பாறை. செய்தி வந்திருந்தது: 51.9. வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து இறக்கினார்களாம். இருமுறை மயக்கம். சொல்லியிருக்கக் கூடாதோ. சொல்லாமலும் எப்படி. கலக்கிய மோரை மூடி வைத்தேன்.

மார்ச் 8, சனி

காற்று. சண்டை சாயங்காலம். அவள் சண்டை எதையும் நான் பார்த்ததில்லை. மேற்கு அறையில் ஒட்டடை அடித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பாறைக்குப் போனதும் அவளே அழைத்தாள். தோல்வி. மூன்று சுற்றும் நின்றாள், புள்ளியில் போய்விட்டது. கடைசிச் சுற்றில் காலில் தெம்பில்லையாம்.

"அந்த ஒரு கிலோவாலயா?"

"அதுவுந்தான். வுடுப்பா."

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவள் மூக்கடைத்த குரலில் பேசுவதுதான் கேட்டது. அறை தயாராக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எட தப்பாததால ஒப்பந்தம் போவல. கோச் இனிமே ஒடம்ப வாட்ட வேணாம், ஐம்பத்தாறு கிலோவுல ஆடுங்கறாரு. ஜூன்ல ஒரு சண்ட. இங்கியே இருந்து தின்னு ஏத்தணும். அங்க வந்தா உன் சமையலுக்கு எறங்கத்தான் செய்யும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்லா சாப்பிடு என்றேன்.

திங்களன்று பட்டியலில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.