இரண்டு கொம்பு, நாலு கொம்பு

மார்ச் 4, செவ்வாய்

சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்துவிட்டது. எப்படி என்று கேட்டால், "தானா உடைஞ்சுது" என்கிறார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் எல்லாமே தானாகத்தான் உடையும். கடைக்குக் கொண்டுபோங்கள் என்றேன். "ஒரு கம்பிக்கெல்லாம் கடையா? நானே பார்த்துக்கறேன்." இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்த்தவர், சக்கரம் பார்க்க மாட்டாரா என்ன!

பதினேழாம் தேதி இவர் பார்சல் கொடுக்கும் வேலையில் சேர வேண்டும். சொந்த சைக்கிள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். ஆபீசில் ஆள் குறைத்து வீட்டுக்கு அனுப்பியபின் இவருக்குக் கிடைத்த முதல் வேலை இது. என் ஒரு சம்பளத்தில் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது?

மார்ச் 5

உடைந்த கம்பியின் தலை, செயின் ஓடுகிற பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதாம். ஃப்ரீவீல் என்று பெயர். அதைக் கழற்றினால்தான் புதுக் கம்பி போட முடியும். கழற்ற அதற்கென்று ஒரு ரிமூவர் வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வராதா என்றேன். ஐயோ, அந்தப் பார்வை!

மார்ச் 7

ரிமூவர் வந்தது. முனையில் இரண்டு கொம்பு. எங்கள் ஃப்ரீவீலிலோ கொம்பு உட்கார இடமே இல்லை, உள்ளே சுற்றிலும் பொடிப் பொடியாகப் பல்.

"உள்ள பார்த்துட்டுத்தானே வாங்கினீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சேன்."

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் வாயைத் திறக்கச் சொல்வார், அப்புறம்தான் இடுக்கியை எடுப்பார். இவர் இடுக்கியை வாங்கிவிட்டு அதற்கேற்ற வாயைத் தேடுகிறார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நாலு கொம்பு! இரண்டு போதாதென்று நாலு. அடுத்து எட்டுக் கொம்போடு வருவாரோ? அதையும் வைத்து ஸ்பேனரால் ஓங்கித் திருப்பி, சறுக்கி, கட்டைவிரலில் அடி. ஃப்ரீவீல் அசையவில்லை. நான்தான் மருந்து தேடி வீடெல்லாம் ஓடினேன்.

மார்ச் 10

சக்கரம் சோபாவில். நான் தரையில்.

மார்ச் 11

இன்று வாங்கி வந்தது பிடியில் செயின் தொங்கும் ஒரு வஸ்து. அது வேறு மாதிரிச் சக்கரத்துக்காம், இதற்கு உதவாதாம். அதையும் இவரே எனக்கு விளக்குகிறார். பொறுமையாக! தெரிந்துகொண்டே எதற்கய்யா வாங்கினீர்?

சாயங்காலம் பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். ஃபோனை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "வெளியூர் போயிருக்கார் அண்ணே" என்றேன், வழக்கம்போல. ஆள் குறைத்த நாளிலிருந்து வெளியூரில் இருக்கிறார். இந்நேரம் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்க வேண்டும்.

மார்ச் 13

வேலை முடிந்து வந்ததும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நானே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "பல்லு வெச்ச ரிமூவர் இதுக்கு. அதான் உங்க வீட்ல இருக்கே?"

இல்லையே என்றேன்.

"என்னம்மா நீங்க? உங்க வீட்டுக்காரர் மொதல் மொதல்ல அதைத்தானே வாங்கினார்! இந்தச் சக்கரத்தையே கொண்டு வந்து, பொருத்திப் பார்த்து வாங்கிட்டுப் போனார். அப்புறம் வந்து ரெண்டு கொம்பு கேட்டார், நாலு கொம்பு கேட்டார். புதுசா கடை போடப் போறாரோன்னு நினைச்சேன்."

நானும் சிரித்தேன், கடைக்காரம்மாவுக்காக. சக்கரத்தோடு நடந்து வந்தேன். என்னை எவ்வளவு பெரிய முட்டாளென்று நினைத்திருக்கிறார்! கட்டைவிரலுக்கு மருந்து வேறு போட்டேனே — அந்த அடியும் நடிப்பா? இல்லை, நகம் கறுத்துப் போயிருக்கிறது. நடிக்கத் தெரியாத மனுஷன், நடிப்பிலும் அடிபட்டிருக்கிறார்.

மார்ச் 14

கேட்டுவிட்டேன். நேற்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் எங்கே போனதோ, "ஏங்க, அந்தப் பல்லு வெச்சது எங்க?" என்று மட்டும்தான் வந்தது.

எழுந்து போய், செருப்பு அலமாரியில் ஆபீஸ் ஷூவுக்குள் கையை விட்டு எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்பு.

"எனக்குக் குடுத்திருக்கிற ஏரியா எதுன்னு தெரியுமா? எங்க ஆபீஸ் தெரு. தலைல ஹெல்மெட், முதுகுல மூட்டை... அந்த வாசல்ல போய் நின்னு, என் கையால லீவு வாங்கின பசங்ககிட்ட 'சார், ஒரு கையெழுத்து'ன்னு கேக்கணும்."

"அப்ப வேணாம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கிறேன்னு நான் பார்க்கலையா?"

அழுதுவிட்டேன். கோபத்தில்தான் அழுதேன். பாதி கோபத்தில். போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகவே போகாமல் இருந்துவிடுவார். சொல்லாததும் வலிக்கிறது.

மார்ச் 15, சனி

காலையில் இவரே சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, "வர்றியா?" என்றார். கீழ்வீட்டு வெல்டர் அண்ணன் பட்டறைக்குப் போனோம். அங்கே வைஸ் இருக்கிறது, இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ரிமூவரை அதில் மல்லாத்தி இறுக்கி, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்தோம். பல்லும் பல்லும் அப்படிப் பொருந்தின! திருப்பினோம். அசையவில்லை. இவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்த மாதிரி இருந்தது. நான் முறைத்தேன்.

"மிதிக்க மிதிக்க இறுகிட்டே போவும் சார்," என்றார் அண்ணன். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிங்க. பஸ் ஓட்டுற மாதிரி, ஒரே மூச்சுல."

பிடித்தோம். எதிரெதிரே. "தங்கச்சி, நீங்க எதிர்ப்பக்கம் இழுக்கறீங்க!" என்று கத்தினார் அண்ணன். இத்தனை வருஷம் அப்படித்தானே அண்ணே என்றேன். இவர் சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! சிரித்துக்கொண்டே திருப்பினோம். 'படக்'கென்று ஒரு சத்தம். சக்கரம்தான் உடைந்துவிட்டதென்று நினைத்தேன். ஃப்ரீவீல் கழன்று வந்திருந்தது.

மார்ச் 17

போயிருக்கிறார். ஹெல்மெட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 20

இன்றைக்கும் அந்த ஆபீஸ் வாசலைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டுதான் போனாராம். அங்கே கொடுக்க வேண்டிய பார்சலை வேறொரு பையனிடம் தள்ளிவிட்டாராம். எவ்வளவு நாள் என்று பார்ப்போம். இரண்டு கொம்பையும் நாலு கொம்பையும் கடைக்காரம்மா திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாளாம். ஷோகேசில் வைத்திருக்கிறேன், பரிசுக் கோப்பை மாதிரி.

ஏப்ரல் 2

மத்தியானம் எனக்கு லீவு. இவர் சாப்பிட்டுவிட்டு வாசலில் சைக்கிளை எடுக்கும்போது போன் அடித்தது. அதே ஆபீஸ் நண்பர். பழக்கதோஷம், 'வெளியூர்' என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு கை நீட்டினேன். ஃபோன் என் கைக்கு வரவில்லை.

"சொல்றா... ஊர்லதான் இருக்கேன். உங்க மூணாவது மாடிக்குத்தான் பார்சல் எடுத்துட்டு வந்துட்டே இருக்கேன். லிஃப்டைப் பிடிச்சு வை, ரொம்ப கனம்."