திரையில் முந்நூற்றைம்பது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு சர்க்யூட் போர்டில் செம்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிட்டது. ஈயம் உருக்கி ஒட்டும் இந்தப் பழைய சால்டரிங் அயர்னைச் செருகினால் சூடு ஏறும், பிடுங்கினால்தான் இறங்கும். நடுவில் ஒரு கணக்கும் கிடையாது. பதின்மூன்று வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். நாங்கள் பழுது பார்ப்பது பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகளை. ஒரு ஒட்டு விட்டுப்போனால் நடக்க முடியாத ஒருத்தர் நடுத்தெருவில் நிற்க வேண்டும். இதை முதலாளியிடம் சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்கிறார். பழமொழிக்கு மட்டும் வாய் நீளும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு வழியாக இறங்கி வந்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று வாங்கலாமாம். "நீயே பாத்து எடு. நீயும் நிதானமும் மாத்தி மாத்தி வச்சுக்கங்க. அதுக்கப்புறமும் போர்டு திரும்பி வந்துச்சுன்னா, யார் கையில தப்போ அவங்க பெஞ்சை விட்டுட்டு கவுண்டருக்குப் போயிடணும்."

நிதானம் என்பது அடுத்த பெஞ்சுக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு திருகாணியைக் கழற்ற மூன்று தடவை யோசிப்பான். கவுண்டருக்கு அவன்தான் லாயக்கு. சீட்டு எழுதுவது, போனுக்குப் பதில் சொல்வது... செத்தாலும் நான் போகமாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்டேஷன் வாங்கப் போன இடத்தில் கடைக்காரன் பத்து விளக்கு எரிகிற ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தான். "ஐந்நூறு டிகிரி வரைக்கும் போகும் மேடம்." எனக்கென்ன அடுப்பா வேண்டும்? "கனமான செம்பைத் தொட்டா சூடு இறங்குமே, திரும்ப ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். முழித்தான். கையோடு கொண்டுபோயிருந்த போர்டை எடுத்து வைத்து மூன்றில் சோதித்தேன். இரண்டு தொட்டவுடன் சூடு இறங்கிச் சுருண்டுவிட்டன. மூன்றாவது நின்றது. முனை தனியாகக் கிடைக்குமா, கிடைக்கும். அதையே எடுத்தேன்.

"இதுகூட இருக்கிற புத்தகத்தைக் கொஞ்சம் படிச்சுட்டு—" என்று ஆரம்பித்தான். பதின்மூன்று வருஷ வேலைக்காரிக்குப் பாடம் எடுக்கிறான்.

மார்ச் 12, புதன்

முந்நூற்றைம்பது டிகிரி வைத்தால் முந்நூற்றைம்பதில் நிற்கிறது. இன்றைக்கு வைத்த ஒட்டு எல்லாம் பளபளவென்று இருக்கிறது. எப்போதும் போல முனையை அரத்தால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். நிதானத்துக்கு அந்த அக்கறை ஏது. ஈயத்தைப் பூசி அப்படியே தாங்கியில் போட்டுவிட்டுப் போகிறான். சோம்பேறி.

மார்ச் 19, புதன்

ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் முனை கறுத்துவிட்டது. ஈயம் பிடிக்காமல் உருண்டு விழுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரையில் நானூற்றிருபது.

"யாரைக் கேட்டு ஏத்தின?"

"முந்நூற்றைம்பதுல ஈயம் பிடிக்கலைக்கா. முனையிலதான் ஏதோ கோளாறு."

புது முனையில் அதற்குள் என்ன கோளாறு? காய்ச்சியே கெடுத்திருக்கிறான். கேட்டால் ஒன்றும் தெரியாத பூனை மாதிரி முகம்.

மார்ச் 24, திங்கள்

போன வாரம் சரி செய்து அனுப்பிய நாற்காலி ஒன்று, ரோட்டைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிட்டது. அதில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து தள்ளிவிட்டிருக்கிறார். போர்டை லென்ஸில் பார்த்தேன். ஒட்டில் வளையம் மாதிரி விரிசல், ஈயம் சரியாக உருகவே இல்லை. சீட்டில் நிதானத்தின் கையெழுத்து.

எல்லோர் முன்னாலும் கத்தினேன். "அந்த நாற்காலியில உன் பொண்ணு உக்காந்திருந்தா இப்படித்தான் ஒட்டுவியா?"

"அதை மட்டும் சொல்லாதீங்கக்கா" என்றான். சாயங்காலமே அவனைக் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆமாம், இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

"அதான் அவனை மாத்தியாச்சே, இன்னும் ஏன் கத்துற?" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 27, வியாழன்

கெட்ட முனையை எடுத்துக்கொண்டு கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"இதுல யாரு அரம் போட்டது?"

உள்ளே செம்பாம், மேலே மெல்லிசாக இரும்புப் பூச்சாம். தேய்த்தால் பூச்சு போய்விடும், பிறகு ஈயம் செம்பைத் தின்றுவிடும். திரையில் தெரிவது பின்னால் இருக்கும் சூடு, நுனிக்கு அது வந்து சேராது. "வேலை முடிஞ்சதும் ஈயம் பூசி வச்சுடணும் மேடம், அவ்வளவுதான். புத்தகத்துல முதல் பக்கமே அதான்."

அடிப்பாவி. தினமும் தேய்த்தேனே. பழைய அயர்னுக்குச் செய்ததை அப்படியே இதற்கும் செய்தேனே. சரியாக வைத்துவிட்டுப் போனவனைச் சோம்பேறி என்று எழுதியிருக்கிறேன். யாருக்கு இந்தத் திமிர்? எனக்குத்தான். அந்தப் புத்தகம் இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். "விடும்மா. உன் கை வேகம். அவன் கவுண்டர்ல நல்லாத்தான் உக்காந்திருக்கான். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க வேலை பார்த்தேன். தூ.

மார்ச் 31, திங்கள்

காலையில் எல்லோரும் வந்ததும் நடுவில் நின்று சொல்லிவிட்டேன். "முனையில அரம் போட்டது நான். இவன் மேல தப்பில்லை." முதலாளி முறைத்தார். முறைக்கட்டும், அவர் போட்ட சட்டம்தானே. லென்ஸையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

நிதானம் எழுந்து இடம் விட்டான். "நீங்க அரம் போட்டதை மன்னிச்சு விட்டுட்டேன்க்கா. பொண்ணைப் பத்திச் சொன்னதை விடல" என்றான்.

ஏப்ரல் 4, வெள்ளி

போன் நிற்காமல் அடிக்கிறது. இந்தப் பேனா எழுதவில்லை. நிதானம் என்னோடு பேசவில்லை. நான் அவனாக இருந்தால் நானும் பேசமாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

அந்த ஆசிரியை நாற்காலியை வாங்க வந்தார். "போன தடவை கெடுத்த ஆளா இதைப் பண்ணினது?" என்று கேட்டார்.

"கெடுத்தது நான்ங்க. இதைப் பண்ணினது வேற ஆள். நல்ல கை, தைரியமா போங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ரோட்டைக் கடக்கிற வரைக்கும் நீ கூட வா."

போனேன். நாற்காலிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். பஸ், லாரி எல்லாம் நின்றன. அந்தப் பக்கம் ஏறியதும் அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

திரும்பி வந்தால் எங்கள் கடை வாசலில் நிதானம் நின்றுகொண்டிருந்தான்.

"நாற்காலி நடுவுல நின்னுச்சா?" என்றான்.

"நிக்கல."

தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.