அம்மா கட்டி வைத்த யூரோ

அன்பு மகன் இளம்பரிதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரி வேண்டுதல். தோல் சீவும் மெஷினில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன், இரண்டு தையல்தான், பயப்படாதே, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பாக்யா எழுதுகிறாள். (அண்ணா, கமாவும் புள்ளியும் என்னுடையவை, பெருமை மட்டும் அப்பாவுடையது.) லீவில் வந்த உன் ரூம்மேட் யாசிர் திரும்ப அங்கே வருவதால் மிளகாய்ப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெர்மனிக்கு நாம் நேரடியாக அனுப்பும் முதல் சரக்கு, ஷூவின் மேல்பாகம், இருபதாயிரம் யூரோவுக்கு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, தோலுக்கும் கூலிக்கும் செலவு ரூபாயில், வரவு மூன்று மாதம் கழித்து யூரோவில், யூரோ தொண்ணூற்றாறு ரூபாய்க்குக் கீழே போனால் நம்மிடம் தைக்கும் பதினெட்டுப் பெண்களுக்கும் தீபாவளி போனஸ் கிடையாது. ஆர்டர் வந்த அன்றைக்கு யூரோ நூற்றிரண்டு ரூபாய், அது நூற்றாறு வரட்டும் என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். (சாம்பாருக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டதை அப்பா சொல்லமாட்டார்.) அம்மா என்னைக் கேட்காமல் பேங்குக்குப் போய், மூன்று மாதம் கழித்துத் தரப்போகும் யூரோவுக்கு அன்றைக்கே விலை பேசி, பாதியைக் கட்டி வைத்துவிட்டாள். போன்ல காட்டுற ரேட்டு ஏன் சார் எங்களுக்கு இல்ல என்று கேட்டாளாம், அது பெரிய பேங்குகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை, உங்களுக்குக் கொடுக்கும்போது எங்கள் பங்கை எடுப்போம் என்றாராம் அதிகாரி, அப்ப பத்து பைசா ஏத்துங்க என்று பேரம் பேசி ஏற்றியும்விட்டாள். மூன்று மாதத்து விலை நூற்றிமூன்று, அன்றைய விலையைவிட ஜாஸ்தி, அது யூரோ ஏறும் என்ற ஜோசியம் என்றே முப்பது வருஷமாக நான் நினைத்திருந்தேன், இங்கே வட்டி ஜாஸ்தி, அங்கே கம்மி, அந்த வித்தியாசம்தான் என்று அவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. கட்டியதே தப்பு என்று கத்தினேன், கட்டினதுதான் கட்டினாய், ஏன் பாதி என்றும் கேட்டேன். சரக்கு லேட்டாச்சுன்னா அன்னிக்கு பேங்குக்குக் குடுக்க யூரோவ நான் இன்னா மெஷின்லயா தெச்சு எடுப்பேன் என்றாள்.

பிறகு ஐரோப்பாவில் யாரோ வட்டியைக் குறைத்தார்கள், எல்லாரும் யூரோவை விற்றார்கள், ஆம்பூரில் எனக்கு வேர்த்தது. (யாரோ அசைந்தால் யூரோ அசையும், இது என் சொந்தச் சரக்கு.) பணம் வந்த அன்று தொண்ணூற்றுநாலு. அவள் கட்டிய பாதி நூற்றிமூன்று, நான் விட்ட பாதி தொண்ணூற்றுநாலு, சேர்த்துப் பார்த்தால் தொண்ணூற்றெட்டரை, பதினெட்டுப் பேருக்கும் போனஸ் கொடுத்தாயிற்று. போனஸ் கவரை வாங்கிக்கொண்டு, தைக்கும் எல்லம்மா உன் அம்மாவைப் பார்த்து, இன்னா மேகலா, உன் ஊட்டுக்காரர் மூஞ்சி யூரோ மாதிரி எறங்கிக் கெடக்குது என்றாள், எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். நாளை எந்த விலை வரும் என்று தனக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும் பார், அது உன் அம்மாவிடம் இருக்கிறது.

நான் சொன்னேன் என்று நீயும் ஊருக்குப் பணம் அனுப்ப நூற்றாறுக்குக் காத்திருந்து, கோட்டு வாங்காமல் பணத்தைப் பூட்டி வைத்திருப்பதாக யாசிர் சொன்னான். காபி குடிக்கும்போதுகூட நூறால் பெருக்குகிறாயாம். நீ சம்பாதிப்பதும் அங்கே, நடுங்குவதும் அங்கே, அதற்கு இங்கே எதற்கு ரேட்டு. முதலில் கோட்டு வாங்கு, மிச்சம் இருந்தால் அனுப்பு, எப்போது என்று அம்மாவைக் கேள், என்னைக் கேட்காதே. நெஞ்சுச் சளி பிடிக்காமல் நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அப்பா,
காசிநாதன்
(காசுநாதன் என்று எழுதப் போனேன், காதைத் திருகிவிட்டார். பாக்யா.)